பின்னால் வருகிறவனுக்கு ஒரு கொப்பு

கோட்டைவாசலில் இருந்து புளியரைக்கு இறங்குகிற மலைச்சாலையில் சுமையோடு சைக்கிளில் வருகிறவன் பிரேக்கை மட்டும் நம்பினால் மூட்டை முன்னால் போய்ச் சேரும், அவன் பின்னால் கட்டிலில் வருவான். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். ரிம்மில் தண்ணீர் வழியும், பிரேக் கட்டை வழுக்கும், எண்பது ராத்தல் மிளகு பின்னால் இருந்து பிடரியைப் பிடித்துத் தள்ளும். அதனால் அந்த வழியில் போய்வந்த ஜவுளிக்காரர்களும் பாக்கு வியாபாரிகளும் கருவாட்டுக்காரர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பைத் தழையோடு வெட்டி, கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, ரோட்டில் இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். கொப்பு தரையைப் பிறாண்டிக்கொண்டு வரும். சைக்கிள் மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி அடங்கி வரும்.

இதற்கு எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. யாரும் தனியாகப் போவதில்லை, ஜோடியாகத்தான். காட்டிலாகா வாச்சர் கண்ணில் பட்டால் கத்தி பறிபோகும் என்பதால் ஜோடிக்கு ஒரே கத்தி. அது முன்னால் போகிறவன் பையில் இருக்கும். அவன் இரண்டு கொப்பு வெட்ட வேண்டும். ஒன்றைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மற்றதை உச்சியில் நிற்கிற மாநில எல்லைக்கல்லின் அடியில் தழை பள்ளத்தைப் பார்க்கக் கிடத்தி, சரிந்து போகாமல் அடிக்கட்டையின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவன் அதைக் கட்டிக்கொண்டு இறங்குவான். அடிவாரத்தில் இருவரும் கழற்றிப் போடுகிற கொப்புகள் சந்தனமாரி என்கிற விறகுக்காரிக்கு. தனிக்கட்டையான அவள் அவற்றைக் காயவைத்துக் காப்பிக்கடைக்குப் போட்டுப் பிழைத்து வந்தாள்.

தென்காசி மசூதும் இலஞ்சி நல்லகண்ணுவும் ஆறு வருஷ ஜோடி. மசூது கைலியும் துண்டும் கொண்டுபோய்ப் புனலூர்ப் பக்கம் விற்று மிளகு வாங்கி வருவான். நல்லகண்ணு கருப்பட்டி கொண்டுபோய்ப் பாக்கு வாங்கி வருவான். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். நல்லகண்ணு வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுகூடப் பேசுவான். நீ பேசுகிற பேச்சில் பாதியை மிதித்தால் கொல்லத்துக்கே போய்விடலாம் என்று மசூது கேலி செய்வான். இப்படி இருந்த இரண்டு பேர்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆடி மாதம். சாரல் என்று சொல்ல முடியாத அளவுக்கு அடித்துப் பெய்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஆரியங்காவில் நல்லகண்ணுவின் பின்சக்கரம் பஞ்சரானது. கடையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவன் சொன்னான்:

“நீ போயிக்கிட்டே இரு மச்சான். கொப்ப கல்லுக்கிட்ட வச்சிட்டுப் போ. நான் பின்னாலயே வந்திருதேன்.”

மசூது உச்சிக்கு வந்து ஒரு கொப்பை வெட்டினான். வெட்டி முடிப்பதற்குள் கால் விரல் இடுக்கில் நாலு அட்டை. ஒன்றைப் பிய்த்தால் இன்னொன்று ஏறியது. அவனுக்கு அட்டை என்றாலே குலை நடுங்கும். மழை கண்ணைத் திறக்கவிடவில்லை. இன்னொரு கொப்புக்குக் கையைத் தூக்க அவனுக்கு மனம் வரவில்லை. பின்னால்தானே வருகிறான், அவனே வெட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் கதவைச் சாத்தாமல் படுக்கிற மாதிரி ஒரு சோம்பல். தினமும் நாமெல்லாம் செய்கிறதுதான், நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

மூன்றாவது வளைவில் பையில் இருந்த கத்திப்பிடி தொடையில் இடித்தது. அப்போதுதான் உறைத்தது. கத்தி இங்கே இருக்கிறது, அவன் எதைக் கொண்டு வெட்டுவான்? மசூது காலை ஊன்றி நின்றான். மேலே ஏறிப் போக முக்கால் மைல், அதுவும் சுமையைத் தள்ளிக்கொண்டு. கல்லடியில் கொப்பு இல்லை என்றால் இறங்கி உருட்டிக்கொண்டு வருவான், அவன் என்ன பச்சைப்பிள்ளையா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இழுத்த கொப்போடு கீழே போய்க் காப்பிக்கடையில் உட்கார்ந்தான். அந்த இறக்கத்தில் சுமைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதும் ஆகாத காரியம் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

முக்கால் மணி நேரத்தில் மேலே இருந்து வந்த பஸ்ஸில் நல்லகண்ணுவைப் பிணமாகக் கிடத்திக் கொண்டு வந்தார்கள். இரண்டாவது வளைவில் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதியிருந்தான். பாக்கு ரோடெல்லாம் உருண்டு கிடந்ததாகக் கண்டக்டர் சொன்னார்.

கூட்டம் கூடிவிட்டது. கொப்பு இல்லாமலா இறங்கினான், அவன் அப்படிப்பட்டவன் இல்லையே என்றார்கள். பிறகு எல்லோரும் மசூதைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்லடியில் வைக்கலியா மசூது என்று காப்பிக்கடைக்காரர் கேட்டார்.

“வச்சேன்” என்றான் மசூது.

ஒரே ஒரு சொல். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை, மீதியை ஊரே சொல்லி முடித்தது. வைத்தான் என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். வாச்சர் அன்றைக்கு வரவில்லை. சந்தனமாரி மத்தியானம் மலையில் இருந்து ஒரு கட்டுச் சுள்ளியோடு இறங்கியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கட்டில் பச்சைத் தழையும் தெரிந்ததாம். சாயங்காலத்துக்குள் அவள் கொலைகாரி ஆகிவிட்டாள். நான் எடுக்கவில்லை சாமி என்று அவள் ஒவ்வொருவர் காலாகப் பார்த்துச் சொன்னாள். நாக்கு கூசாமல் பேசுகிறாள் பார் என்றார்கள்.

பதினாறாம் நாள் இலஞ்சியில் நல்லகண்ணு வீட்டுக்கு அவள் துக்கம் கேட்க வந்தாள். வந்திருக்க வேண்டாம். நல்லகண்ணுவின் பெண்டாட்டி இராமலட்சுமி தெருவுக்கு இறங்கி வந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அவள் முகத்தில் எறிந்து, நீ வாங்குகிற மூச்செல்லாம் என் புருஷன் மூச்சாக இருக்கட்டும் என்று சாபம் விட்டாள். மசூது அப்போது பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றான். வாயைத் திறந்தால் போதும். அவன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு மலை இறங்கி வருகிற யாரும் அடிவாரத்தில் கொப்பைப் போடவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் ஓடையில் எறிந்தார்கள். மசூதும் எறிந்தான். சந்தனமாரி ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாற்பதாம் நாள் கழிந்து முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டான். மலையில் அல்ல. இலஞ்சிக்கும் தென்காசிக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வயல், சமதரை, பட்டப்பகல். பின்னால் தழை இழுபடுகிற சத்தம். கொப்பை அவிழ்க்க மறந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தான். கேரியரில் மூட்டை மட்டும்தான் இருந்தது. அவன் நின்றதும் சத்தம் நின்றது. மிதித்ததும் வந்தது. அவன் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஒருவன் அதே தூரத்தில், அதே மூச்சோடு வருகிற மாதிரி இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. அதுதான் மசூதைக் கொன்றது. ஏதாவது திட்டினால்கூடத் தேவலாம் என்று நினைத்தான்.

வீட்டில் பெண்டாட்டி ஹைருன் பீவியைக் கேரியரில் உட்காரவைத்துத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தான். கேட்கிறதா என்று கேட்டான். செயினுக்கு எண்ணெய் போடுங்கள் என்றாள் அவள். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய் ஓதித் தாயத்துக் கட்டிக்கொண்டான். திரும்பி வருகிற வழியில் தாயத்தும் அவன் கையில் இருந்தது, சத்தமும் அவன் பின்னால் இருந்தது.

வழியை மாற்றினால் சரியாகும் என்று நினைத்தான். புளியரைச் சாலையை விட்டுவிட்டு, பண்பொழி மேக்கரை வழியாக அச்சன்கோவில் மலை ஏறினான். சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிய பாதை அது. இறங்கும்போது அங்கேயும் பின்னால் தழை இழுபட்டது. பிறகு மலையே வேண்டாம் என்று வடக்கே திரும்பி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று சிவகிரி வரைக்கும் தட்டையான ரோட்டில் வியாபாரம் பார்த்தான். கொப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஊர்கள் அவை. புளியங்குடி தாண்டி ஒரு வாகைமர நிழலில் தண்ணீர் குடிக்க நின்றபோது, ரோட்டோரம் வெள்ளரிக்காய் விற்ற கிழவர், கூட வந்தவர் எங்கே என்று கேட்டார். மசூது தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

எங்கே போனாலும் இதே கதி என்றால் தெரிந்த வழியிலேயே போகலாம் என்று அடுத்த வருஷம் புளியரைக்கே திரும்பினான். ஜோடி சேர யாரும் கிடைக்கவில்லை, அவனும் தேடவில்லை. முதல் நடை போய்த் திரும்பி உச்சிக்கு வந்தான்.

எல்லைக்கல்லின் அடியில் ஒரு கொப்பு கிடந்தது.

புதிதாக வெட்டியது. தழை பள்ளத்தைப் பார்க்கக் கிடந்தது. அடிக்கட்டையின் மேல் ஒரு கல். அவனுக்கு முன்னால் அன்றைக்கு ஒருவரும் போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைத் தொடாமல், தூரத்தில் போய் வேறொன்றை வெட்டிக் கட்டிக்கொண்டு இறங்கினான். அடுத்த நடையிலும் ஒன்று கிடந்தது. அதற்கடுத்த நடையிலும். தழை வாடுவதற்குள் யாரோ மாற்றியிருந்தார்கள். மற்ற ஜோடிகள் அதை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவதும், முன்னால் போனவன் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வதும் அவனுக்குத் தெரிந்தது. அவனுக்கு மட்டும், வைக்கிறவன் யாரென்று சந்தேகமே இல்லை. நீ வைக்காவிட்டால் என்ன மச்சான், நான் வைக்கிறேன் என்று சொல்கிற குரல் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மிரட்டினால் தாங்கியிருப்பான். இந்த அன்பை அவனால் தாங்க முடியவில்லை. உடம்பு இளைத்துப் போனான். ஹைருன் பீவி டாக்டரிடம் கூட்டிப்போனாள், சத்துக் குறைவு என்று சொல்லிவிட்டார்கள்.

ஐம்பத்தொன்பது ஆனி மாதம். வழக்கமாகத் தென்மலையில் இரவு தங்குகிற மசூது, அங்கே இருமல் அதிகமாகிறது என்று அந்தத் தடவை ஆரியங்காவு வரை வந்து தங்கினான். அதனால் எப்போதும் மத்தியானம் வந்து சேருகிற உச்சிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். மேகம் ரோட்டின் மேல் படுத்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான், கல்லடியில் ஓர் உருவம் குனிந்து நிற்பதைக் கண்டான். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தது. நல்லகண்ணு மழையில் அப்படித்தான் சாக்கைக் கவிழ்த்துக்கொள்வான். உருவம் ஒரு கல்லைத் தூக்கிக் கொப்பின் அடிக்கட்டையில் வைத்தது. மசூது பிடியை விட்டான். சைக்கிள் சரிந்து விழுந்தது.

உருவம் திரும்பியது. சந்தனமாரி.

அவளுக்கும் உயிர் போய்த்தான் வந்தது. அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“வாச்சர்கிட்ட சொல்லிப்புடாதிய அண்ணாச்சி.”

இத்தனை நாளும் நீதானா வைத்தாய் என்று கேட்டான். தலையை ஆட்டினாள். புளியரையில் இருந்து விடியுமுன் ஏறி வருவாளாம். முந்தின நாள் கொப்பு கிடந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் பச்சையாக ஒன்று வெட்டி வைப்பாளாம். யாராவது முன்னால் போகிறவன் மறந்துபோய்விட்டால், பின்னால் வருகிறவனுக்கு இருக்கட்டுமே என்றாள். வாச்சர் இரண்டு தடவை பிடித்து உட்கார வைத்தாராம். அதைக் கூலிக்குச் செய்கிற வேலையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள்.

உனக்கு எதற்கு இந்த வேலை என்று மசூது கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

“நான்தான் எடுத்திருக்கேன் அண்ணாச்சி” என்றாள் சந்தனமாரி. “மொதல்ல இல்லன்னுதான் நெனச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல அன்னைக்குக் கட்டுன கட்ட நெனச்சு நெனச்சுப் பாத்தேன். அதுல ஒரு பச்சக் கொப்பு கெடந்துச்சு. எங்கன எடுத்தேன்னு ஞாபகம் இல்ல. கல்லுக்கிட்டதான் எடுத்திருப்பேன். நீங்க பொய்யா சொல்லுவிய? தெரியாமத்தான் எடுத்தேன். ஆனாலும் எடுத்தேன்லா?”

மழை இருவருக்கும் நடுவில் பெய்துகொண்டிருந்தது. மசூது இரண்டு வருஷமாகப் பயந்தது செத்தவனுக்கு. பயப்பட வேண்டியது உயிரோடு இருக்கிறவளுக்கு என்று அப்போது தெரிந்தது. தான் சொன்ன ஒரு சொல் இவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்து, இல்லாத கொப்பு ஒன்றை முளைக்க வைத்திருக்கிறது. சொல்லாமல் இன்றைக்கும் இறங்கிப் போய்விடலாம். அவள் சாகிற வரைக்கும் தினமும் விடியுமுன் ஏறி வருவாள்.

“கல்லடியில கொப்பே இல்ல” என்றான். “நான் வெட்டல. அட்ட கடிச்சுதுன்னு ஒத்தக் கொப்போட வந்துட்டேன். கத்தி எம் பையிலதான் இருந்துச்சு. பொய்தான் சொன்னேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. சாக்கைத் தலையில் இருந்து எடுத்தாள்.

“அப்பம் நான் எடுக்கலியா?”

இல்லை என்றான்.

“நெசமா நான் எடுக்கலியா அண்ணாச்சி?”

மூன்றாம் தடவையும் கேட்டாள். அரிவாளால் ஒரு போடு போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ரோட்டோரத்துச் சேற்றில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நான் எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லி அழுதாள். நடுவில் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க மசூதுக்குச் சக்தியில்லை. திரும்பி நின்றுகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலஞ்சியில் இருக்கிற அந்த அம்மாவிடம் நீங்களே வந்து சொல்ல வேண்டும் என்றாள். நாளைக்கு என்றான். இப்போதே என்றாள். விழுந்து கிடந்த சைக்கிளை அவளே நிமிர்த்தினாள். கல்லடியில் வைத்த கொப்பை எடுத்துக் கேரியரில் இறுகக் கட்டினாள். அவன் முன்னால் உருட்டிக்கொண்டு நடந்தான், அவள் பின்னால் வந்தாள். இரண்டாவது வளைவில் கட்டைச் சுவரைத் தாண்டினார்கள். தழை ரோட்டில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

புளியரைக் காப்பிக்கடையில் இருந்தவர்கள் கையில் தம்ளரோடு எழுந்து நின்று பார்த்தார்கள். சந்தனமாரி நிற்காமல் நடந்தாள். செங்கோட்டை தாண்டியதும் ரோடு சமமாகிவிட்டது. கொப்பை அவிழ்த்துப் போட்டாயிற்று. ஏறி நாலு மிதி மிதித்தால் இவளால் எட்டிப் பிடிக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு தடவை அல்ல, இலஞ்சி வரைக்கும் ஒவ்வொரு மைலுக்கும் தோன்றியது. ஏறாமல் வந்ததில் பெருமை ஒன்றும் இல்லை. கால்கள் அவன் சொல்லைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இராமலட்சுமி வாசலில் முறத்தோடு இருந்தாள். மசூதைக் கண்டதும் வாங்க அண்ணே என்று எழுந்தவள், பின்னால் நிற்கிறவளைப் பார்த்ததும் முகம் சிவந்தாள். இவளை ஏன் என் தெருவுக்குக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டாள். சந்தனமாரி தெருவின் அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். இவரே சொல்லுவார் என்று மட்டும் சொன்னாள்.

மசூது சொன்னான். உச்சியில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அட்டையைச் சொன்னான், கத்தியைச் சொன்னான், மூன்றாவது வளைவில் நின்றதைச் சொன்னான், வச்சேன் என்று சொன்னதைச் சொன்னான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

இராமலட்சுமி அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். தெருவைத் தாண்டிப் போய்ச் சந்தனமாரிக்கு எதிரே நின்றாள். அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மசூது பக்கம் திரும்பினாள்.

“அவரு போனத மழ மேல போட்டுக்கிடுதேன் அண்ணே. அட்ட மேல போட்டுக்கிடுதேன். ஆறு வருஷம் கூட வந்த மனுசன், மறந்துட்டியன்னு நெனச்சுக்கிடுதேன். இவ மேல மண்ணள்ளி எறிஞ்சது என் கையில்லா? அத நான் யாரு மேல போட?”

நனைஞ்சு போயிருக்கியே, உள்ள வா என்று சந்தனமாரியின் கையைப் பிடித்தாள். சந்தனமாரி தயங்கி, சேலை முந்தானையைப் பிழிந்துவிட்டு, அவளோடு படியேறினாள். உள்ளே செம்பும் தண்ணீரும் சத்தம் போட்டன. இரண்டு பெண்களில் யாரோ ஒருத்தி அழத் தொடங்கினாள், யார் என்று வெளியில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தவில்லை. அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மசூது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவிலேயே நின்றான்.